தரையில் உட்கார்ந்த பிடில்

ஜூன் 4, காலை. ஒரு வாசகர் கேட்டது:

"கர்நாடக சங்கீதம் நம் மண்ணின் சொத்து என்கிறோம். மேடையைப் பாருங்கள், பாடுபவருக்குப் பக்கத்திலேயே ஐரோப்பாவின் வயலின். வீணை மூலைக்குப் போய்விட்டது. மேற்கத்தியத் தாக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கிவிட்டது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அடிமைப்பட்டதுகூடத் தெரியாமல் கைதட்டிக்கொண்டிருக்கிறோம்."

ஜூன் 4, இரவு

காலையில் படித்ததிலிருந்து மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நான் பிடில்காரன், வயலினைத்தான் நாங்கள் பிடில் என்போம். ஒன்பது வயதில் பிடித்தது, இன்னும் விடவில்லை. மாலையில் பிள்ளைகள் வருவார்கள், சரளி வரிசையில் ஆரம்பித்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் என்னால் நடுவில் நின்று பேச முடியாது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வந்த கதையை முதலில் சொல்கிறேன். பாலுசுவாமி தீட்சிதர், சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, பிறந்தது 1786. திருவாரூர்க் குடும்பம். மணலி முதலியார்கள் அழைத்துச் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் கொஞ்ச காலம் இருந்தார்கள். அந்த முதலியார்கள் கிழக்கிந்தியக் கம்பெனியாரிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்து இடைநின்று காரியம் பார்ப்பவர்களாக இருந்தவர்கள். அவர்களோடு புனித ஜார்ஜ் கோட்டைக்குப் போய், அங்கே கம்பெனிப் பட்டாளத்தின் பேண்டு வாசிப்பதைச் சகோதரர்கள் கேட்டார்கள். தம்பிக்குப் பிடில் மேல் ஆசை வந்தது. முதலியார் ஒரு ஐரோப்பிய வாத்தியக்காரரை ஏற்பாடு செய்து மூன்று வருஷம் பாடம் சொல்லிவைத்தார். பாலுசுவாமி பிற்காலத்தில் எட்டயபுரம் சமஸ்தான வித்வானாக இருந்தார்.

நம்மவர் கைக்கு வந்ததும் பிடிலுக்கு என்ன ஆயிற்று என்பதுதான் எனக்கு முக்கியம். ஐரோப்பியர் நின்றுகொண்டோ நாற்காலியில் உட்கார்ந்தோ முகவாய்க்கட்டைக்குக் கீழே இடுக்கி வாசிப்பார்கள். நாம் தரையில் சப்பணம் போட்டு, வலது காலைக் கொஞ்சம் முன்னால் விட்டு, பிடிலின் சுருள் தலையைக் கணுக்காலில் ஊன்றி, மறுமுனையை இடது தோள்பட்டை எலும்பில் சாய்த்துக்கொண்டோம். பிடில் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுத்து நிற்கிறது. இடது கைக்குத் தாங்கும் வேலையே கிடையாது, தந்தி நெடுக வழுக்கிக்கொண்டு போகலாம், வரலாம். விரலில் ஒரு துளி தேங்காய் எண்ணெய். ரிஷபத்திலிருந்து பஞ்சமம் வரை, அதாவது ரி-யிலிருந்து ப வரை, ஒரே இழுப்பில் ஏறி இறங்க வேண்டுமென்றால் அப்படித்தான் முடியும்.

ஐரோப்பியப் பிடிலில் நான்கு தந்தியும் அடுத்தடுத்துப் பஞ்சம இடைவெளியில் ஏறிக்கொண்டே போகும். நாம் அதை ச-ப-ச-ப என்று மாற்றிவிட்டோம். அடியில் மந்திர ஷட்ஜம், அதாவது கீழ் ஸ்தாயி ச, அப்புறம் மந்திரப் பஞ்சமம், அப்புறம் மத்திய ஷட்ஜம், பஞ்சமம். தம்பூராவோடு அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவர்கள் சங்கீதத்தின் உயிரான ஹார்மனியை, அதாவது பல சுரங்களை ஒரே நேரத்தில் அடுக்குவதை, நாம் தொடவே இல்லை. மரத்தையும் தந்தியையும் வில்லையும் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

இதற்குப் பெயர் அடிமைத்தனம் என்றால் எனக்குப் புரியவில்லை.

ஜூன் 5

வீணை பற்றிச் சொன்னீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். வீணையில் மீட்டினால் நாதம் எழுந்து தானே தேய்ந்து அடங்கும். பாடுபவரின் குரல் இழுத்துக்கொண்டே போகும், அதன் கூடவே வர வில் போட்ட வாத்தியம் வேண்டியிருந்தது. பிடில் வருவதற்கு முன்னால் நமக்கு இந்தக் குறை தெரிந்திருந்ததா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஒன்று கிடைத்த பிறகு, அது இல்லாமல் எப்படி இருந்தோம் என்று தோன்றும். அந்த மாதிரி.

வீணை மூலைக்குப் போனதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வீணையைத் தள்ளியது பிடில்தானா? மைக், பெரிய சபா, மூன்று மணி நேரக் கச்சேரி, எல்லாம் சேர்ந்து தள்ளியது.

ஜூன் 5, இரவு

தஞ்சை நால்வரை மறந்தது தப்பு. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற சகோதரர்கள், நாட்டியம் சொல்லிக்கொடுக்கும் நட்டுவனார் குடும்பம். முத்துசுவாமி தீட்சிதரின் சீடர்கள். கடைசித் தம்பி வடிவேலு பிடிலில் கெட்டிக்காரர். திருவாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் அவருக்குத் தந்தத்தில் செய்த பிடிலையே 1834-இல் பரிசாகக் கொடுத்தார். பிடில் முதலில் கோட்டையில் பேண்டுக்காரன் கையில் இருந்தது. அப்புறம் தீட்சிதர் வீட்டுத் திண்ணைக்கு வந்தது. அங்கிருந்து நட்டுவனார் குடும்பத்துக்கும் அரண்மனைக்கும் போயிற்று. இத்தனையும் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் நடந்துவிட்டது.

ஜூன் 7

ஒருவர் எழுதியிருக்கிறார், "பிடிலே நம்முடையதுதான், இராவணன் செய்த வாத்தியம், மேல்நாட்டுக்காரன் எடுத்துப்போய்ப் பெயர் மாற்றித் திருப்பி விற்றான்" என்று. இந்தப் பேச்சை நிறையக் கேட்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் ஒரு சங்கடம்.

வில்லால் தந்தியை உரசி ஒலியெழுப்பும் வித்தை ஆசியாவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனது என்பது பெரும்பாலான அறிஞர்கள் ஏற்றுக்கொண்ட விஷயம். அரபு நாட்டு ரெபாப் அங்கே போய் ரெபெக் ஆயிற்று, அந்த வழியில்தான் பிடிலுக்கும் முன்னோர் இருக்கிறார்கள். சரி. ஆனால் இன்று என் கணுக்காலில் தலை சாய்ந்திருக்கும் இந்த உருவம், 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவில் ஆந்திரேயா அமாத்தி போன்ற தச்சர்கள் செதுக்கி எடுத்தது. அதை அவர்களிடமிருந்து பறிப்பது நியாயமில்லை. இரவல் வாங்கினால் வாங்கினோம் என்று சொல்வதில் என்ன குறைச்சல்? பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்கினால், இல்லை, பசுவே எங்கள் பசுதான் என்றா சொல்வோம்?

ஜூன் 7, பிற்பகல்

நொட்டுஸ்வரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். கோட்டைப் பேண்டில் கேட்ட மெட்டுகளுக்கு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருதத்தில் சாகித்தியம், அதாவது பாட்டு வரிகள், போட்டார். அவற்றுக்குத்தான் நொட்டுஸ்வரம் என்று பெயர். நாற்பது உருப்படி அளவில் இருக்கும். ஆங்கிலேயர் தங்கள் ராஜாவைக் கடவுள் காப்பாற்றட்டும் என்று பாடும் தேசிய கீதத்தின் மெட்டில் இருப்பது 'சந்ததம் பாஹிமாம்'. எல்லாம் சங்கராபரண ராகத்தின் சுரங்களில், சுரத்தை அசைக்கும் கமகம் இல்லாமல் நேராக நடக்கும்.

இதைத்தான் ஒருவர் "வெள்ளைக்காரன் ராஜாவுக்குப் போட்ட கும்பிடு" என்கிறார். வரிகளைப் பாருங்கள். அந்த மெட்டில் ராஜா இருந்த இடத்தில் இப்போது அம்பாள் உட்கார்ந்திருக்கிறாள். என்னைக் காப்பாற்று என்று பாடுபவர் கேட்பது அவளிடம். எனக்கு அது கும்பிடாகத் தெரியவில்லை. ஒரு பெரிய வித்வான் கேட்டது பிடித்துப்போய், தன் வீட்டு சுவாமிக்கு அதைச் சாத்திப் பார்த்திருக்கிறார்.

என் வகுப்பில் அலங்காரப் பயிற்சி முடிந்ததும் ஒன்றிரண்டு நொட்டுஸ்வரம் சொல்லிக்கொடுப்பேன். வில்லை நேராக இழுக்கப் பழக்குவதற்கு அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. போன வருஷம் ஒரு பையன் 'சியாமளே மீனாக்ஷி' வாசித்து முடித்துவிட்டு, "சார், இது நர்சரியில் பாடுவோமே, நட்சத்திரப் பாட்டு" என்றான். அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதே மெட்டுதான். பிரெஞ்சு நாட்டிலிருந்து வந்தது.

ஜூன் 10

இரண்டு நாள் எழுதவில்லை. முதல் நாள் நான் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒரு இடம் உறுத்துகிறது.

"எடுத்துக்கொண்டோம்" என்று சுலபமாக எழுதிவிட்டேன். கடைக்குப் போய்ப் பிடித்ததைப் பொறுக்கியது போல. பாலுசுவாமி கேட்டது பட்டாளத்தின் பேண்டு. அது திருவிழாவில் வாசித்த பேண்டில்லை. அதே கோட்டையிலிருந்துதான் துப்பாக்கியும் கிளம்பியது. தஞ்சையில் சரபோஜி மன்னர் 1799-இல் நாட்டைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார், கையில் மிஞ்சியது கோட்டையும் சுற்றுப்புறமும். ஆள நாடு இல்லாத அந்த மன்னர் நூல் சேர்த்தார், அரண்மனையில் மேல்நாட்டுப் பேண்டு வைத்துக்கொண்டார். அவருடைய ரசனை உயர்ந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் எந்தச் சூழ்நிலையில் அந்த ரசனை வளர்ந்தது என்பதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது.

பாலுசுவாமிக்கு ஒரு புரவலர் இருந்தார், மூன்று வருஷம் ஓய்வாகக் கற்க முடிந்தது, வேண்டியதை எடுத்து வேண்டாததை விட முடிந்தது. மான்செஸ்டர் துணி வந்தபோது தறிக்காரருக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. அவரை யாரும் எது வேண்டும் என்று கேட்கவில்லை. ஆகவே கேள்வி கேட்ட வாசகரிடம் இதை ஒப்புக்கொள்கிறேன்: உங்கள் கோபத்துக்கு இடம் இருக்கிறது. பிடில் அதற்குச் சரியான உதாரணமா என்பதில் மட்டும்தான் எனக்கு மாறுபாடு.

ஜூன் 11

இப்போது பெட்டியின் கதை. இதை எழுத வேண்டும் என்று முதல் நாளிலிருந்தே கை துறுதுறுக்கிறது.

என் தாத்தா நாடகக் கம்பெனியில் ஆர்மோனியம் வாசித்தவர். ஊரில் "பெட்டிக்காரர்" என்றுதான் சொல்வார்கள். ஆர்மோனியம் ஐரோப்பாவில் காலால் மிதித்து வாசிப்பதாக இருந்தது. கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் என்பவர் அதைச் சின்னதாக்கி, பின்னால் துருத்தி வைத்து, ஒரு கையால் காற்றடித்து மறு கையால் வாசிக்கும்படி செய்தார். தரையில் உட்கார்ந்து வாசிக்கத்தான். அதுவும் பிடில் போலவே தரைக்கு இறங்கி வந்த வாத்தியம். நாடகம், பஜனை, சினிமா, எல்லா இடத்திலும் இருந்தது. கச்சேரி மேடை மட்டும் அதற்குக் கதவைத் திறக்கவில்லை. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைத் தடை செய்தே வைத்திருந்தது.

ஏன் பிடிலுக்கு ஒரு நியாயம், பெட்டிக்கு ஒரு நியாயம்? கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் வரும், அடுத்த கட்டையை அழுத்தினால் அடுத்த சுரம். நடுவில் ஒன்றும் கிடையாது. தோடி ராகத்தின் காந்தாரத்தை, அதாவது க சுரத்தை, எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு இடத்தில் நிற்கும் சுரமா? ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது. அந்த ஆட்டம் பெட்டியில் வராது. சுதந்திரம் வந்த பிறகு நம் ஆட்கள் இதைப் புரிந்துகொண்டு வானொலியில் தடை போட்டார்கள்.

தாத்தா என்ன செய்வார் தெரியுமா? பின்பாட்டும் அவரேதான். ராகம் வளைய வேண்டிய இடம் வந்தால் விரலைக் கட்டையிலிருந்து லேசாக எடுத்துவிட்டு, அந்த வளைவை வாயால் பாடிவிடுவார். வளைந்து முடிந்து சுரம் நிலைக்கு வந்ததும் விரல் மறுபடியும் உட்காரும். கேட்பவர்களுக்குப் பெட்டியே வளைந்த மாதிரி இருக்கும். நான் அவர் பக்கத்தில் துருத்தியை ஒட்டி உட்கார்ந்திருப்பேன், அதனால் அந்த விரல் தூக்கலைப் பார்த்திருக்கிறேன். துருத்தி மூச்சு விடும்போது பழைய தோல் வாசனை வரும்.

ஜூன் 12

திருத்தம். நேற்று அவசரத்தில் ஒரு பெரிய தப்பு. "சுதந்திரம் வந்த பிறகு தடை போட்டார்கள்" என்று எழுதிவிட்டேன், அதற்கு முந்தைய பத்தியில் 1940 என்று நானே எழுதியிருக்கிறேன். 1940-இல் ஏது சுதந்திரம்? ஒரு அன்பர் சுட்டிக்காட்டினார், அவருக்கு நன்றி.

திருத்தியபோதுதான் விஷயம் இன்னும் சுவாரசியமாகிறது. 1930களின் கடைசியில் வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் லயனல் ஃபீல்டன், ஆங்கிலேயர். அங்கே மேல்நாட்டு இசைப் பிரிவைக் கவனித்த ஜான் ஃபோல்ட்ஸ், அவரும் ஆங்கிலேயர், நல்ல இசையமைப்பாளர். ஆர்மோனியம் இந்திய சங்கீதத்தைக் கெடுக்கிறது என்று 1938-இல் வானொலிப் பத்திரிகையில் எழுதியவர் அவர். தாகூருக்கும் ஆர்மோனியம் ஆகாது, அது உண்மை. ஆனால் தடைக்குக் கட்டியம் கூறியதில் ஐரோப்பியருக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் எது மேற்கத்தியத் தாக்கம்? ஆர்மோனியமா, ஆர்மோனியத்தை விலக்கிய அந்தத் தூய்மை என்ற எண்ணமா? நேற்றிரவு தூக்கம் வரவில்லை, இதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 13

தூய்மை பற்றி இன்னொன்று. 1932-இல் கெய்ரோவில் அரபு இசை மாநாடு ஒன்று நடந்தது, எகிப்து மன்னர் ஃபுவாது கூட்டியது. ஐரோப்பாவிலிருந்து பேலா பார்தோக், கூர்த் சாக்ஸ் போன்ற பெரிய பெரிய ஆட்கள் வந்திருந்தார்கள். பியானோ போன்ற மேல்நாட்டு வாத்தியங்களை அரபு இசையில் சேர்க்கலாமா என்று வாதம் வந்தபோது, சேர்க்கலாம், காலத்தோடு போக வேண்டும் என்று வாதாடியவர்களில் எகிப்தியர் பலர். கூடாது, உங்கள் பழைய இசையைக் கெடுக்காதீர்கள் என்றவர்களில் ஐரோப்பியர் பலர்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். அவர்கள் பதிவு செய்து வைத்ததால் எத்தனையோ இன்று கேட்கக் கிடைக்கிறது. ஆனாலும் ஊர்க்காரன் வீட்டுக்கு ஓடு மாற்றப் போகும்போது விருந்தாளி வந்து "கூரையே அழகு, மாற்றாதே" என்று சொன்னால் எப்படி இருக்கும்? ஒழுகுவது யார் தலையில்?

சொல்ல மறந்தேன், அரபு இசைக்காரர்களும் பிடிலை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் சுருதி கூட்டும் முறை என்ன தெரியுமா? ஐரோப்பிய வரிசையை விட்டுவிட்டு, நம் ச-ப-ச-ப போன்ற அடுக்கு. ஒருவரை ஒருவர் பார்த்துக் காப்பியடித்ததில்லை. ஒரே ஆதார சுரத்தைச் சுற்றி வளைந்து போகும் சங்கீதம் இரண்டும், அதனால் கை ஒரே இடத்துக்குப் போயிருக்கிறது. மொராக்கோவில் ஆந்தலூசிய இசைக்குழுக்களில் பிடிலை முழங்காலில் செங்குத்தாக நிறுத்தி வாசிக்கிறார்கள், பழைய ரெபாபை வைத்துக்கொண்டது போலவே. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்தபோது உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது எனக்கு.

ஜப்பான் வேறு வழியில் போயிற்று. மெய்ஜி அரசு பள்ளிக்கூடப் பாட்டையே மேல்நாட்டு முறையில் ஆரம்பித்தது, நகோயாவில் ஷாமிசென் என்ற அவர்கள் ஊர்த் தந்தி வாத்தியம் செய்யும் குடும்பத்தில் பிறந்த சுசுகி மாசாகிச்சி பிடில் தொழிற்சாலையே வைத்தார். முகவாயில் இடுக்கி, ஐரோப்பியர் வாசிப்பது போலவே கற்றுக்கொண்டு அவர்களுக்கு நிகராக வாசித்தார்கள். அதையும் குறைவாகச் சொல்ல மாட்டேன். வழி வேறு.

ஜூன் 16

"உங்கள் கட்சி புரிகிறது, வளைந்தால் உள்ளே, வளையாவிட்டால் வெளியே. அப்படியென்றால் பெட்டி வெளியே போனதில் உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

பெட்டி எங்கே வெளியே போயிற்று?

கேளுங்கள். எந்தப் பாடகரிடமும் உங்கள் சுருதி என்ன என்று கேட்டால் "ஒண்ணரைக் கட்டை" என்பார். பெண் குரல் என்றால் ஐந்து, ஐந்தரை. அது என்ன கட்டை? ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டை. ஒரு கட்டை முதல் வெள்ளை, இரண்டு கட்டை அடுத்த வெள்ளை, அரைக் கட்டை என்றால் நடுவில் இருக்கும் கறுப்பு. அதனால்தான் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது. மூன்றாவது வெள்ளைக்கும் நான்காவது வெள்ளைக்கும் நடுவே கறுப்புக் கட்டையே இல்லை. ஆர்மோனியத்தைத் தொட்டால் தீட்டு என்று நினைத்த வித்வான்கூடத் தன் குரலை அளந்தது அந்தக் கட்டையால்தான்.

சுருதிப் பெட்டியைத் திறந்து பாருங்கள். துருத்தி, காற்று, பித்தளை நாக்கு. கட்டை இல்லாத ஆர்மோனியம் அது. நாகஸ்வரக் கோஷ்டியில் ஆதார சுரத்தை விடாமல் பிடித்து ஒத்து ஊதுபவரின் இடத்தில் இன்று அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கிறது. ஒத்துக்காரர் என்று ஒரு மனிதர் இருந்தார், அவருக்கு ஒரு பங்குச் சம்பளம் இருந்தது. பிடில் கதையை நான் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது அந்த மனிதரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் நாள் நான் எழுதிய "மரத்தையும் தந்தியையும் வில்லையும் எடுத்துக்கொண்டோம், அவ்வளவுதான்" என்பதை வாபஸ் வாங்குகிறேன். அவ்வளவு சுத்தமாக ஒன்றும் நடக்கவில்லை. நாம் பிடிலை வளைத்தோம். பெட்டி நம் பேச்சை வளைத்தது.

ஜூன் 17

சின்னக் குறிப்பு. கேட்டதற்காக. சௌடையா ஏழு தந்திப் பிடில் வாசித்தார், மைக் வருவதற்கு முன்னால் கடைசி வரிசைவரை ஒலி போய்ச் சேர வேண்டுமே என்று. பெங்களூரில் அவர் பெயரில் ஒரு கலையரங்கம் இருக்கிறது, கட்டடமே பிடில் உருவம். மாண்டலின் சீனிவாஸ் இரட்டை இரட்டையாக இருந்த எட்டுத் தந்தியை ஐந்து ஒற்றைத் தந்தியாக்கினார். கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் ராகம் வாசித்தார். கிளாரினெட்டுக்கு ஏ.கே.சி. நடராஜன். பட்டியல் நீளும், இதோடு விடுகிறேன்.

ஜூன் 20

ஒரு அம்மா எழுதியது என்னை நிறுத்திவிட்டது. "வெளிநாட்டு வாத்தியத்தை ஏற்றுக்கொண்ட பெருந்தன்மை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறீர்கள். நான் பிடில் வாசித்தேன். பெண் பக்கவாத்தியம் என்றால் பாட மாட்டேன் என்ற வித்வான்கள் இருந்தார்கள். அதையும் எழுதுங்கள்."

எழுதுகிறேன். உண்மை. கோட்டையிலிருந்து வந்த பிடில் ஒரு தலைமுறையில் மேடையேறிவிட்டது. சொந்த ஊர்ப் பெண் அந்தப் பிடிலை எடுத்துக்கொண்டு ஆண் பாடகர் பக்கத்தில் உட்கார நூறு வருஷத்துக்கு மேல் ஆயிற்று, அதற்குப் பிறகும் சிலர் முகம் சுளித்தார்கள். எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு மாமி. அருமையான வில். கேட்பவர் கண் கலங்கும்படி சஹானா ராகம் வாசிப்பார். வாழ்நாளெல்லாம் வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார், மேடையேறியது நவராத்திரி கொலுவில் மட்டும். சின்ன வயதில் அதை நான் ஒரு குறையாகவே நினைத்ததில்லை. மாமிக்குக் கூட்டம் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவரை யாரும் கேட்டதில்லை, நான் உட்பட. இப்போது கேட்க அவர் இல்லை.

வெளியிலிருந்து வந்த எதை ஏற்றோம் என்று பதினைந்து நாளாக எழுதுகிறேன். உள்ளே இருந்தவர்களில் யாரை ஏற்கவில்லை என்று எழுத ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது. பெண்களுக்கு மேடை வேண்டும் என்ற எண்ணத்தையும் "மேற்கத்தியப் பேச்சு" என்று ஒரு காலத்தில் ஒதுக்கினார்கள். மாமியின் வில்லுக்கு எந்த நாடு?

ஜூன் 23

முதலில் கேள்வி கேட்ட வாசகர் திரும்ப வந்திருக்கிறார். "எல்லாம் சரி. இன்றைக்கு என் பேரன் கீபோர்டில் கீர்த்தனை வாசிக்கிறான். அதற்கு என்ன சொல்கிறீர்கள்?"

பயப்படத்தான் செய்கிறேன், மறைக்கவில்லை. கீபோர்டு என்பது மின்சாரத்தில் ஓடும் பெட்டி. ஒரு சப்தகத்தை, அதாவது ச-விலிருந்து மேல் ச வரை உள்ள இடைவெளியை, பன்னிரண்டு சம பங்காகப் போட்டுத் தருகிறது. அதையே கேட்டு வளரும் காதுக்குத் தோடியின் காந்தாரம் அபஸ்வரமாகப் படும். என் வகுப்புக்கு வரும் பிள்ளைகளில் முதல் ஆறு மாதம் சுரத்தை அசைக்கவே கூச்சப்படுபவர்கள் உண்டு, "தப்பாக வருது சார்" என்பார்கள். பிடிலில் கட்டையும் இல்லை, வீணையில் இருப்பது போல மெட்டும் இல்லை, காதுதான் வழி. அதனால் அங்கே மீண்டுவிடுகிறார்கள். கீபோர்டில் யார் மீட்பது? சுரத்தை வளைக்கும் சக்கரம் வைத்த கீபோர்டில் கமகம் கொண்டுவருபவர்கள் இருக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். அந்தச் சக்கரத்தில் கை வைக்கச் சொல்லுங்கள் உங்கள் பேரனை. அதைவிட முக்கியம், வாசிப்பதைப் பாடச் சொல்லுங்கள். தாத்தா செய்தாரே, அது போல. பெட்டியில் வராதது வாயில் வந்துவிட வேண்டும். வாயில் வந்துவிட்டால் எந்தப் பெட்டியும் அவனைக் கெடுக்காது என்று நம்புகிறேன்.

ஜூன் 24

இன்று மாலை ஒரு புதுப் பெண் சேர்ந்தாள், எட்டு வயது. பிடில் பெட்டியைத் திறந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து முகவாயில் வைத்துக்கொண்டாள். எங்கோ படத்தில் பார்த்திருக்கிறாள். கீழே உட்காரம்மா என்றேன். உட்கார்ந்து வலது காலை முன்னால் விட்டாள், பிடிலின் தலை கணுக்காலிலிருந்து சறுக்கிச் சறுக்கி இறங்கிற்று. நான் என் காலைக் காட்டினேன். கணுக்கால் எலும்புக்கு உட்பக்கம் ஒரு காய்ப்பு இருக்கிறது, நாற்பது வருஷத்தில் பிடிலின் தலை போட்ட இடம். தொட்டுப் பார்த்தாள். "வலிக்குமா?" என்றாள். முதல் ஒரு மாதம் வலிக்கும் என்றேன்.

பிரடையைத் திருகி ஷட்ஜம் கூட்டிக் கொடுத்தேன். என்ன சுருதி சார் என்று அவள் அப்பா கேட்டார்.

இரண்டு கட்டை என்றேன்.